சொந்த வீட்டு உதாரணம்

உக்காருங்க தம்பி, ஜன்னல் சீட்டு உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு முழங்கால் மடக்க முடியாது, இந்தப் பக்கம் நீட்டிக்கிட்டாத்தான் சரியா வரும். கோயம்புத்தூரா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு. தனியா வாய மூடிக்கிட்டு உக்காந்து போறதுன்னா எனக்குப் பெரிய பாடு. பேசிப் பேசியே பழகின வாய் இது. நான் பாஸ்டருங்க. ஆத்தூர்ப் பக்கம், பாப்டிஸ்ட் சபை. சத்தியநேசன்னு பேரு.

நீங்க சபைக்காரங்க இல்லன்னு நெத்தியப் பார்த்தாலே தெரியுது. பயப்படாதீங்க, பிரசங்கமெல்லாம் பண்ண மாட்டேன். இன்னிக்கு அதுக்குத் தெம்பும் இல்ல. நாலஞ்சு நாளாவே இப்படித்தான். படுத்தா அசதி வருது, தூக்கம் வரமாட்டேங்குது.

என்ன விஷயம்னா, என் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கு. பையன். ஆமா, சந்தோஷமான சேதிதான், யாரு இல்லன்னா. ஆனா பிறந்து ரெண்டு மூணு வாரம் ஆன பின்னாடிதான் எனக்கே தெரியுது. அவ மாசமா இருந்ததே எனக்குத் தெரியாது. பெத்த அப்பன் தம்பி நான். ஒரே பொண்ணு. கல்யாணமாகி இந்தக் கோயம்புத்தூர்லதான் இருக்கா, சந்திர மண்டலத்துல இல்ல. வாரம் தவறாம போன் பண்ணுவா. "சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா"ன்னு கேப்பா. அப்படிக் கேட்டுக்கிட்டே வயித்துல ஒரு பிள்ளையச் சுமந்துக்கிட்டு இருந்திருக்கா.

என் சம்சாரம் மேபலுக்கு எல்லாம் தெரியும். அதுதான் எனக்குத் தாங்கல. போன மாசம் பெட்டியக் கட்டினா. "எங்கக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், கோயம்புத்தூர்ல கூட இருந்து பாத்துட்டு வரேன்"னா. நான்தான் பஸ் ஏத்திவிட்டேன். அவங்கக்காவுக்காகச் சபையில ஜெபமும் பண்ணோம் தம்பி. எல்லாரும் முழங்கால் போட்டு, அந்தம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடியணும்னு. அந்தம்மா கல்லுக்குண்டாட்டம் திருச்சியில இருக்கு.

எப்படித் தெரிஞ்சதுன்னு கேளுங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு முன்னாடி சபை வாசல்ல நிக்கிறேன். ராகேல்னு ஒரு அம்மா, எங்க சபைதான், கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போயிட்டு வந்திருக்கு. நேரா வந்து கையப் புடிச்சுக்கிட்டு, "ஐயா, பேரப்பிள்ளைக்கு ஸ்தோத்திரம், பாஸ்டரம்மாவ மருந்துக்கடையில பார்த்தேன், அவங்க சொல்லவே மாட்டேன்னாங்க, நான்தான் கையில இருந்த கைக்குழந்தைச் சாமானப் பார்த்துக் கண்டுபுடிச்சேன்"ங்குது. நான் என்ன பண்ணுவேன்? "ஸ்தோத்திரம்மா, ஸ்தோத்திரம்"னு தலைய ஆட்டினேன், எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி. சொந்தப் பேரன் பிறந்த சேதிக்கு அடுத்தவங்ககிட்ட நடிச்சேன்.

அப்படியே மேடை ஏறினேன். நான் எப்படி அன்னிக்குப் பிரசங்கம் பண்ணேன்னு கர்த்தருக்குத்தான் தெரியும். கோபத்துல இருந்தேன், ஆனாலும் பாருங்க, யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. மேபல் மறைச்சிருக்கான்னா ஏதோ காரணம் இருக்கும்னு நானும் மறைச்சேன். ஜெபக்குறிப்பு சொல்ற நேரத்துல மட்டும், "பாஸ்டர் குடும்பத்துல ஒரு விசேஷித்த காரியம், கோயம்புத்தூர்ல நடந்திருக்கு, மேல்விவரம் இப்பக் கேக்காதீங்க, எப்சிக்காக ஜெபிச்சுக்குங்க"ன்னு சொன்னேன். அவ்வளவுதான். அதுல என்ன இருக்கு?

எப்சின்னா என் மக. எப்சிபா. பேரு வெச்சது நான்தான்.

அன்னிக்குச் சாயந்தரம் மேபலுக்கு போன் போட்டேன். "உங்கக்கா எப்படி இருக்கா"ன்னேன். அவ, "தெரிஞ்சு போச்சாங்க"ன்னா. "ஏன்டி, நான் என்ன ஊரானா"ன்னு கேட்டேன். இந்த வயசுல அவள 'டி' போட்டுப் பேசினது எனக்கே கஷ்டமா இருந்துச்சு. அதுக்கு அவ சொன்ன பதில் என்ன தெரியுமா? "உங்ககிட்டச் சொன்னா நீங்க சொல்லிருவீங்க."

இத எங்கிட்ட வந்து சொல்றா. கேளுங்க தம்பி. இந்த நெஞ்சுக்குள்ள எத்தனை வீட்டுக் கதை கிடக்குன்னு உங்களுக்குத் தெரியாது. சபையில ஒரு வீடு பாக்கியில்ல. புருஷன் பொண்டாட்டி சண்டை, ஓடிப்போன பொண்ணு, ரகசியமா குடிக்கிறவரு, கடுதாசி எழுதி வெச்சுட்டுக் கெணத்தடி வரைக்கும் போயிட்டுத் திரும்பினவங்க. எல்லாம் எங்கிட்ட வந்து அழுவாங்க. ஒரு வார்த்தை வெளிய போனதில்ல. ஒருத்தர் என் ரூம்ல உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதாரு, மறுநாள் காலையில டீக்கடையில ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு கிரிக்கெட் பேசினோம். அவரே ஆச்சரியப்பட்டாரு. சபை நிர்வாகம் பாக்குற டீக்கன்மாருங்க எத்தனையோ தடவ கிண்டிப் பார்த்திருக்காங்க, "ஐயாவுக்குத் தெரியாமயா இருக்கும்"னு. மேபல் கேட்டிருக்கா. மேபல்கிட்டயே சொன்னதில்ல. "கல்லுகிட்டச் சொன்னாலும் எதிரொலிக்கும், பாஸ்டர்கிட்டச் சொன்னா எதிரொலிகூட வராது"ன்னு எங்க ஊர்ல ஒரு பேச்சே இருக்கு. இப்படிப்பட்டவன் சொல்லிருவானாம்.

நான் எதச் சொல்லியிருக்கேன்னா, எங்க வீட்டுக் கதையத்தான். அத நான் மறுக்கல. ஒரு பிரசங்கம்னா உதாரணம் வேணும் தம்பி. வெறும் வசனத்த மட்டும் சொன்னா ஜனங்க கொட்டாவி விட்ருவாங்க. உதாரணத்துக்கு எங்க போறது? சபையார் வீட்டுக் கதையச் சொல்ல முடியாது, சொன்னா தலை போயிரும். அப்ப யாரு வீடு மிச்சம்? என் வீடுதான். மேபல் கொழம்புல ரெண்டு தடவ உப்புப் போட்டது, எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை நின்னு போன நாள், எப்சி பரீட்சையில ஃபெயிலானத மறைச்சது. எல்லாம் சொல்லுவேன். ஜனங்க சிரிப்பாங்க, அழுவாங்க, "ஐயா நம்மள மாதிரியே மனுஷன்"னு நெருங்கி வருவாங்க. அதுவும் ஒரு ஊழியம்தானே. என் குடும்பத்தையே பலிபீடத்துல வெச்சேன்னு நான் சொல்லிக்கிறது உண்டு.

குடும்பத்து மேல அக்கறை இல்லாதவன்னு மட்டும் நினைச்சுராதீங்க. வெளியூர் கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போனா அங்க தங்கவே மாட்டேன், எந்நேரமானாலும் வீட்டுக்கு வந்துருவேன். மேபலுக்கு டைபாய்டு வந்தப்ப ஒரு மாசம் சமையல், துணி எல்லாம் நான்தான். எப்சிக்குத் தலை பின்னி விட்டிருக்கேன். ரெட்டைச் சடை, ரிப்பன் வெச்சு. கோணலா இருக்குன்னு அவுத்துட்டு மறுபடி பின்னுவேன். பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள்ல கூட்டிட்டுப் போறப்ப முன்னாடி பாருல உக்காந்து வாய் ஓயாமப் பேசிக்கிட்டே வருவா. எதிர்ல வர்ற லாரிச் சத்தத்துல எனக்குப் பாதி கேக்காது. ஆனாலும் "அப்புறம், அப்புறம்"னு கேப்பேன். அப்படிப் பேசின பொண்ணு தம்பி அது.

எப்ப அடங்கினாள்னு யோசிச்சுப் பார்த்தேன். ஞானஸ்நானம் எடுத்த வருஷமா இருக்கும். உங்களுக்கு இது தெரியாது. மத்த சபைங்கள்ல கைக்குழந்தைக்குத் தலையில தண்ணி தெளிப்பாங்க. எங்களுக்கு அது கிடையாது. வெவரம் தெரிஞ்ச பின்னாடி, நான் விசுவாசிக்கிறேன்னு அவங்கவங்க சொந்த வாயால சபைக்கு முன்னாடி சாட்சி சொல்லணும். அதக் கேட்டுச் சபையார் கை தூக்கிச் சம்மதிச்சாத்தான் முழுக்கு. மேடைப் பலகையத் தூக்கினா அடியில தொட்டி இருக்கும், அதுல முழுசா முக்கி எடுக்கணும். அப்பன் ஆத்தா அவங்களுக்காகச் சொன்னாச் செல்லாது. ஒருத்தர் விசுவாசத்த இன்னொருத்தர் சொல்ல முடியாதுங்கிறதுதான் எங்க சபைக்கே அஸ்திவாரம். இத நான் நூறு தடவ போதிச்சிருப்பேன்.

எப்சி சாட்சி சொல்ல எழுந்து நின்னா. பதினாலு பதினஞ்சு வயசு. நிக்கிறா, நிக்கிறா, வாயே தொறக்கல. உதடு மட்டும் அசையுது. எனக்குப் பாவமா இருந்துச்சு. நான்தான் எடுத்துக் குடுத்தேன். "இவ ராத்திரி லைட் போட்டுக்கிட்டுத்தான் தூங்குவா, இருட்டுன்னா அவ்வளவு பயம், படுக்கையில கூட ஒண்ணு ரெண்டு தடவ, இப்ப கர்த்தர் அந்தப் பயத்த எடுத்துட்டாரு"ன்னு நான் சொல்லி முடிச்சேன். வாலிபப் பசங்க பக்கம் கொஞ்சம் சிரிச்சாங்க. ஆனா எல்லாரும் கை தூக்கினாங்க தம்பி, ஒரு கை கொறையல. அடுத்த வாரம் நானே அவளத் தொட்டியில எறக்கினேன். தண்ணியில இருந்து எழுந்தப்ப அவ என்னப் பார்க்கவே இல்ல. குளிர் போலன்னு நினைச்சேன்.

அப்புறம் படிச்சா, வேலைக்குப் போனா, ஜெர்வின்னு நல்ல பையன், அவனுக்குக் கட்டிக் குடுத்தோம். பையன் மந்தம்னு சொல்ல முடியாது, வாய்தான் கம்மி. கல்யாணமாகி அடுத்த வருஷமே மாசமானா. எனக்குத் தலைகால் புரியல. அந்த ஞாயித்துக்கிழமையே மேடையில சொன்னேன். மேபல் அப்பவே, "மூணு மாசம் போகட்டுங்க"ன்னா. சந்தோஷத்த அடக்கி வெக்க நான் என்ன கஞ்சனா? சொன்னேன். அது நிக்கல. ரெண்டு மாசத்துல கலைஞ்சு போச்சு. அப்புறம் ரெண்டாவது, அது ஏழாம் மாசம் வரைக்கும் வந்துச்சு. பொட்டப்புள்ள. பிறக்கும்போதே உயிர் இல்ல.

நான்தான் அடக்கம் பண்ணேன். எத்தனையோ பேருக்குப் பண்ணியிருக்கேன், அப்படி ஒரு சின்னப் பெட்டிய நான் கையில வாங்கினதே இல்ல.

எப்சி ரெண்டு மாசம் எங்க வீட்டுல இருந்தா. ஒரு நாள் விடியக்காலம் நான் சமையக்கட்டுல டீ போட்டுக்கிட்டு இருக்கேன், வந்து பின்னாடி நின்னா. "அப்பா, எனக்கு ஜெபம் பண்ண வரமாட்டேங்குதுப்பா. பண்ணவும் புடிக்கல. யாராச்சும் எனக்காக ஜெபம் பண்ணாக் கூடக் காதப் பொத்திக்கணும்போல இருக்கு"ன்னா. நான் டீயக் குடுத்தேன், ரெண்டு பேரும் தரையில உக்காந்து குடிச்சோம். ரொம்ப வருஷம் கழிச்சு அன்னிக்குத்தான் பழைய எப்சியாட்டம் பேசினா.

அந்த வாரப் பிரசங்கம் அதுதான். 'வெறும் தொட்டில்'னு தலைப்பு. ஒரு பாஸ்டர் மகளே ஜெபிக்க முடியலன்னு நின்ன இடத்துல கர்த்தர் எப்படி நிக்கிறாருன்னு பேசினேன். அவ மூணாவது வரிசையில உக்காந்திருந்தா. அவ சொன்னத அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை மாத்தல, காதப் பொத்திக்கணும்னு சொன்னது வரைக்கும். சபையில அழாத கண்ணு இல்ல தம்பி. ஆம்பளைங்க தேம்பித் தேம்பி அழுதாங்க. ஆராதனை முடிஞ்சதும் அம்மாங்க எல்லாரும் அவளச் சுத்திக்கிட்டுத் தலையில கைய வெச்சு ஜெபம் பண்ணாங்க. நான் பார்த்து மனசு நெறைஞ்சு போய் நின்னேன்.

என் ஊழியத்துலயே அதுக்கு மேல ஒரு பிரசங்கம் நான் பண்ணதில்ல. தருமபுரியில கூப்பிட்டாங்க, ஓசூர்ல கூப்பிட்டாங்க, "அந்தத் தொட்டில் பிரசங்கத்தையே குடுங்கய்யா"ன்னு. குடுத்தேன். வாலிபர் சங்கத்துப் பசங்க அத யூடியூப்ல போட்டாங்க. நான் கேட்டுக்கல, அவங்களாப் போட்டது. கீழ எத்தனை பேரு எழுதியிருக்காங்கன்னு பாருங்க, பிள்ளையப் பறிகொடுத்த அம்மாங்க, பிலிப்பைன்ஸ்ல வேலை பாக்குற தமிழ்ப் பொண்ணு ஒண்ணு. எத்தனை பேருக்கு ஆறுதல். எங்க சம்மந்தி வீட்டுக்காரங்களும் அதப் பார்த்துட்டாங்களாம். ஜெர்வின் அம்மா எப்சிகிட்ட ஏதோ கேட்டாங்களாம், "ஜெபம் பண்ணப் புடிக்காதவளுக்கு எப்படிம்மா தங்கும்"னு. பேசுறவங்க எதையும் பேசுவாங்க. அதுக்கு நான் பொறுப்பா?

அதுக்கப்புறம் அவ ஊருக்கு வரல. "சாப்பிட்டீங்களாப்பா"ங்கிறதோட நின்னு போச்சு. நான் என்ன தப்புப் பண்ணேன்னு இன்னி வரைக்கும் எனக்குப் புரியல. சபையார் எனக்குத் தூரமில்ல, நான் பெத்தது எனக்குத் தூரமாப் போச்சு. அலுத்துப் போச்சு தம்பி. நெஜமாவே அலுத்துப் போச்சு. ஊரான் வீட்டுப் பஞ்சாயத்தெல்லாம் தீர்த்து வெச்சுட்டு வந்து, என் வீட்டுக் கதவத் தட்ட வேண்டியிருக்கு.

இப்ப வரச் சொல்லியிருக்காங்க. முந்தாநேத்து மேபல் போன் பண்ணா. "ஆஸ்பத்திரிக்கு வாங்க, வந்து பிள்ளையப் பாருங்க. ஆனா எப்சி தானா வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் நீங்க யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. சபையில கூடாது, டீக்கனுங்ககிட்டக் கூடாது, ஜெபக்குறிப்புன்னும் கூடாது. இந்தத் தடவையும் வெளிய போச்சுன்னா அவ உங்கள வீட்டுக்குள்ள விட மாட்டா. நானும் உங்களுக்காகக் கேக்க மாட்டேன்"னுட்டா. சரின்னேன். "இன்னும் எதுக்கு ஆஸ்பத்திரியிலயே இருக்கீங்க, சிசேரியனா"ன்னு கேட்டேன். பேச்ச மாத்திட்டா. மூணாவது பிள்ளை தம்பி. இதுக்கு ஒண்ணு ஆனா அவ தாங்க மாட்டா. நானும் தாங்க மாட்டேன்.

சரின்னு சொன்ன வார்த்தையக் காப்பாத்திட்டுத்தான் வரேன். அந்த ராகேலம்மாவத் தவிர ஆத்தூர்ல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. உங்ககிட்டச் சொன்னேனேன்னு பார்க்குறீங்களா? நீங்க யாரோ எவரோ, காந்திபுரத்துல எறங்கினா நீங்க ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். இதெல்லாம் சொன்னதுல சேராது.

இருங்க, போன் அடிக்குது. மேபல்தான்.

சொல்லு மேபல். ஆமா, பஸ்லதான். பெருந்துறை தாண்டிட்டோம். யாரு? எப்சியா? குடு, குடு.

எப்சிம்மா. அப்பாதான். நல்லா இருக்கியாடா? வந்துக்கிட்டே இருக்கேன். பக்கத்துலயா? பக்கத்துல யாரும் இல்லம்மா. இல்ல, யாரும் இல்ல.

என்ன? ஏம்மா அப்படிக் கூப்பிடுற?

ஆமா. எங்க சபை அங்கத்தினர்தான். நீ இன்னும் மாத்திக்கலையே.

சரி.

சரிம்மா. சொல்லுங்க.

ம். ம். எப்போ? ம். இல்லம்மா, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க. அழணும்னா அழுதுட்டுச் சொல்லுங்க. ம்.

இல்ல. யார்கிட்டயும் போகாது. வெச்சுடுங்க, நான் வந்துர்றேன்.

தம்பி, அந்தத் தண்ணி பாட்டிலக் கொஞ்சம் குடுங்க.

பக்கத்துல யாரும் இல்லன்னு சொன்னேன், தப்பா எடுத்துக்காதீங்க. வாயில வந்துருச்சு.

பாஸ்டர்னு கூப்பிட்டா தம்பி. எப்சி. பிறந்ததுல இருந்து அப்பான்னுதான் கூப்பிடுவா. சபையிலகூட எல்லாருக்கும் முன்னாடி அப்பான்னுதான். இப்ப போன எடுத்ததும், "பாஸ்டர், நான் உங்க சபை அங்கத்தினர்தானே"ன்னு கேட்டா. எனக்கு ஒண்ணும் புரியல. ஆமான்னேன். "அப்ப உங்க ரூம்ல வந்து உக்காந்து ஒருத்தங்க சொன்னா எப்படிக் கேப்பீங்களோ அப்படிக் கேளுங்க. அப்பாகிட்டச் சொல்ல எனக்குப் பயமா இருக்கு. பாஸ்டர்கிட்டச் சொல்றேன்"னா.

வாங்க போங்கன்னு பேசினேனே, கவனிச்சீங்களா? நான் தூக்கி வளர்த்த பிள்ளைகிட்ட. சபையில சின்னப் பொண்ணுங்க வந்து அழுதாலும் அப்படித்தான் பேசுவேன், அந்தப் பழக்கத்துல தானா வந்துருச்சு. அவளும் அப்படியே சொல்லிக்கிட்டு வந்தா. எத்தனை வருஷத்துக்கு அப்புறம் தம்பி, நிறுத்தாம, எதையும் மறைக்காம. ஒரு எடத்துலகூட அவளுக்கு வார்த்தை தட்டல. நான் எடுத்துக் குடுக்க வேண்டிய அவசியமே வரல.

இல்ல தம்பி, அழல. கண்ணு எரியுது, தூக்கமில்லாதது.

என்ன கேட்டீங்க? குழந்தை எப்படி இருக்கா?

அது எங்க சபையில ஒரு அம்மா வீட்டு விஷயம், தம்பி. நான் சொல்லக்கூடாது.